கார்புரேட்டருக்கு மட்டம் பார்ப்பது

நம் சாலைகளில் ஓடிய பைக்குகளில் பெரும்பாலானவை ஒற்றை சிலிண்டர், ஒற்றை கார்புரேட்டர் வண்டிகள். அதனால் இரண்டு மூன்று கார்புரேட்டர்களை ஒன்றுக்கொன்று சமமாக வைப்பது நம் ஊர்ப் பட்டறைகளில் அபூர்வமான வேலை. எஸ்கார்ட்ஸ் நிறுவனம் 1980களில் இங்கே தயாரித்த ராஜ்தூத் 350, பழைய ஹோண்டா சிபி750, பி.எம்.டபிள்யூ.வின் பாக்ஸர் வண்டிகள் போன்றவற்றை வைத்துக் காப்பாற்றுபவர்களுக்குத்தான் அந்தத் தலைவலி. அபூர்வம் என்பதாலேயே இதைப் பற்றி ஒரு மிரட்சி உருவாகிவிட்டது. விலை கூடிய கேஜ் செட் வேண்டும், கைதேர்ந்த காது வேண்டும், வீட்டில் தொட்டால் கெட்டுவிடும் என்பார்கள். இந்த வேலையில் எதையும் அளக்கவே தேவையில்லை, ஒப்பிட்டால் போதும் என்பது என் வாதம். ஒப்பிடும் வேலைக்குச் சில அடி பிளாஸ்டிக் டியூப் போதும். மீதி வேண்டியது அவசரமில்லாத ஒரு மத்தியானம். அது பட்டறையைவிட வீட்டில்தான் சுலபமாகக் கிடைக்கும்.

பிஸ்டன் கீழே இறங்கும்போது சிலிண்டர் காற்றை இழுக்கிறது. கார்புரேட்டரில் உள்ள த்ராட்டில் தகடு அந்த வழியை மறிக்கிறது. மறிப்பு கூடக் கூட, தகடுக்கும் இன்ஜினுக்கும் நடுவே வெற்றழுத்தம் கூடும். ஐடிலிங்கில் தகடு ஏறக்குறைய மூடியே இருக்கும். ஓரத்தில் மயிரிழை போல ஓர் இடைவெளிதான். அந்த இழையில் ஒரு கார்புரேட்டருக்கும் இன்னொன்றுக்கும் துளி வித்தியாசம் வந்தால்கூட, ஒரு சிலிண்டர் மற்றதைவிடக் கணிசமாக அதிகக் காற்றைக் குடிக்கும். நன்றாகக் குடித்த சிலிண்டர் உழைக்கும், மற்றது அதன் தயவில் சுற்றும். வண்டி நின்ற இடத்தில் குலுங்குவதும், கிளட்ச் பக்கம் கடகடப்பதும், மெதுவாகப் போகும்போது செயின் வெட்டுவதும் இதனால்தான். ஆக்ஸிலரேட்டரை முழுக்க முறுக்கிவிட்டால் அதே துளி வித்தியாசம் பெரிய திறப்பில் கரைந்துவிடும். ஹைவேயில் வழுக்கிக்கொண்டு போகும் வண்டி சிக்னலில் மட்டும் உதறுகிறதென்றால் முதலில் இந்தப் பக்கம் சந்தேகப்படலாம்.

கொத்தனார் ஒரு டியூபில் தண்ணீரை நிரப்பி, வீட்டின் இந்த மூலைக்கும் அந்த மூலைக்கும் மட்டம் பார்ப்பார். தரை கடலிலிருந்து எத்தனை அடி உயரம் என்பது அவருக்கு வேண்டாத கணக்கு. இரண்டு மூலையும் ஒன்றா என்பதே கேள்வி. கார்புரேட்டருக்கும் அதே டியூபை வளைத்து ஒரு பலகையில் கட்டி, வளைவில் கொஞ்சம் டூ-ஸ்ட்ரோக் ஆயிலை ஊற்றி, இரண்டு முனைகளையும் இரண்டு கார்புரேட்டர்களின் வேக்கம் துளைகளில் மாட்டலாம். எந்தப் பக்கம் இழுப்பு அதிகமோ அந்தப் பக்கம் ஆயில் ஏறும். ஏறிய பக்கத்துத் தகடு அதிகம் மூடியிருக்கிறது என்று அர்த்தம். அதன் திருகைக் கால் சுற்றுக்கும் குறைவாகத் திருப்பித் திறந்தால் ஆயில் இறங்கி வரும். இதன் நுணுக்கம் எவ்வளவு தெரியுமா? கவாஸாகியின் கையேடுகள் சிலவற்றில் கார்புரேட்டர்களுக்கிடையே 2 செ.மீ. பாதரச அளவுக்குள் வித்தியாசம் இருக்கலாம் என்று போட்டிருக்கும். கேஜ் முள்ளில் அது சின்ன அசைவு. பாதரசம் ஆயிலைவிடப் பதினைந்து மடங்குக்கு மேல் கனம் என்பதால், ஆயில் டியூபில் அதே வித்தியாசம் சுமார் 30 செ.மீ., ஏறக்குறைய ஓர் அடி. அதோடு, நான்கு கேஜ் வாங்கினால் நான்கும் ஒரே மாதிரி காட்டுகின்றனவா என்று முதலில் அவற்றையே சோதிக்க வேண்டும். ஒரே டியூபின் இரு முனைகளுக்குள் அப்படிப்பட்ட சண்டை வராது. முன்பு பட்டறைகளில் பாதரசக் குழாய்களே புழங்கின. பாதரசம் விஷம், அலுமினியத்தையும் அரிக்கும். அதை வீட்டுக்குள் கொண்டுவர எந்த நியாயமும் இல்லை.

பாக்ஸர் வண்டியில் சிலிண்டர்கள் இடதும் வலதுமாக விலகி நிற்கும். ஆளுக்கொரு கார்புரேட்டர், ஆளுக்கொரு கேபிள். ஐடிலிங்கில் ஸ்டாப் திருகுகளை வைத்து ஆயிலைச் சமமாக்கி, பிறகு வேகத்தைக் கொஞ்சம் கூட்டிப் பிடித்து கேபிள் அட்ஜஸ்டரில் சமமாக்க வேண்டும். முதலாவதைச் செய்துவிட்டு இரண்டாவதை விடுபவர்கள் அதிகம். ஐடிலிங் அழகாக இருக்கும், ஆக்ஸிலரேட்டரைத் தொட்டதும் உதறும். நான்கு சிலிண்டருக்கு நான்கு டியூப் வேண்டும் என்று தோன்றும், தேவையில்லை. பல நான்கு சிலிண்டர் வண்டிகளில் திருகுகள் மூன்றுதான்: ஒன்றையும் இரண்டையும் சமமாக்க ஒன்று, மூன்றையும் நான்கையும் சமமாக்க ஒன்று, இந்த ஜோடிகளைத் தமக்குள் சமமாக்க நடுவில் ஒன்று. அதே டியூபை மூன்று முறை மாற்றி மாட்டினால் முடிந்தது. ராஜ்தூத் 350 கதை வேறு. அது டூ-ஸ்ட்ரோக்; அங்கே டியூபை விட விரலே நம்பகமானது. ஏர் ஃபில்டரைக் கழற்றி, இரண்டு கார்புரேட்டர் வாய்களிலும் விரல் வைத்து ஆக்ஸிலரேட்டரை மெல்ல முறுக்கினால், இரண்டு ஸ்லைடுகளும் ஒரே நொடியில் எழுகின்றனவா என்று தெரிந்துவிடும். இதுவும் ஒப்பீடுதான். ஆயில் பம்பைக் கழற்றாமல் வைத்திருக்கும் வண்டியென்றால், அதே ஆக்ஸிலரேட்டர் பம்பின் கேபிளையும் இழுக்கிறது. கேபிளைத் தொட்ட பிறகு பம்பின் குறியையும் சரிபார்க்காமல் விடக்கூடாது.

‘நல்ல மெக்கானிக் காதிலேயே பிடித்துவிடுவார்’ என்பார்கள். பாக்ஸரில் இதை ஒப்புக்கொள்ளலாம். நிமிடத்துக்கு 1000 சுற்றில் ஒவ்வொரு பக்கமும் நொடிக்கு எட்டு வெடிப்பு; பக்கங்கள் விலகியிருப்பதால் தனித்தனியாகக் கேட்கும். நான்கு சிலிண்டரில் அதே வேகத்தில் நொடிக்கு 33 வெடிப்பு, பல வண்டிகளில் அத்தனையும் ஒரே சைலன்சர் வழியாக வெளியேறும். எது குறைகிறது என்று பிரித்துச் சொல்ல எந்தக் காதாலும் முடியாது. ஏதோ குறைகிறது என்பது வரைதான் காது சொல்லும்.

இன்ஜின் ஆயிலை உறிஞ்சிக்கொள்ளாதா என்ற பயம் நியாயமானது. ஐடிலிங்கில் இன்ஜினின் முழு இழுப்பு டியூபில் மூன்று நான்கு மீட்டர் ஆயிலைத் தூக்கக்கூடியது. ஒரு முனை கழன்று விழுந்தால் மறுமுனை வழியாக அத்தனையும் சிலிண்டருக்குள் போகும். அதனால்தான் தண்ணீர் வேண்டாம், எரிந்து புகையாகிவிடும் டூ-ஸ்ட்ரோக் ஆயில் என்பது, அதுவும் கொஞ்சமாக. ஒவ்வொரு முனைக்கும் இன்ஜினுக்கும் நடுவே ஒரு காலி பாட்டிலை வைத்தால் ஆயில் அதில் விழுந்துவிடும். மீன் தொட்டிக் கடையில் விற்கும் சின்ன வால்வை இருபுறமும் போட்டு ஏறக்குறைய மூடிவைத்தால், ஒவ்வொரு இழுப்புக்கும் ஆயில் துள்ளுவதும் அடங்கும். ஸ்டார்ட் செய்வதற்கு முன்பே, கழற்றி வைத்த கார்புரேட்டர்களில் ஒரே மெல்லிய கம்பியைத் தகடுகளின் இடைவெளியில் நுழைத்துப் பார்த்து ஓரளவு சமமாக்கியிருந்தால் ஆபத்து இன்னும் குறையும்.

இதைவிடக் கனமான ஆட்சேபம் ஒன்று உண்டு: வெற்றழுத்தம் சமமாக இருந்தால் சிலிண்டர்களும் சமமாக உழைக்கின்றன என்று எப்படிச் சொல்வது? சொல்ல முடியாதுதான். டேப்பெட் இடைவெளி தப்பியிருந்தாலும், கார்புரேட்டரை இன்ஜினோடு சேர்க்கும் ரப்பர் வெடித்துக் காற்று நுழைந்தாலும் அந்த சிலிண்டரில் இழுப்பு குறையும். டியூபை மட்டும் நம்புகிறவர் அதன் தகட்டை இன்னும் மூடி மட்டத்துக்குக் கொண்டுவந்துவிடுவார். ஐடிலிங் அமைதியாகும், ஆனால் வெடித்த ரப்பர் வழியே காற்று நுழைந்துகொண்டே இருக்க, பெட்ரோல் போதாமல் பிளக் வெளுக்கும். டியூப் வித்தியாசத்தைக் காட்டும், காரணத்தைக் காட்டாது. ஆகவே டேப்பெட், பிளக், ஐடில் ஜெட், ரப்பர் எல்லாம் சரியென்று உறுதியான பிறகு கடைசியாகத்தான் இது. ஓடும் இன்ஜினில் ரப்பரைச் சுற்றித் தண்ணீரைத் தெளித்தால் ஐடிலிங் தடுமாறுகிறதா என்று பார்ப்பது கசிவுக்கு எளிய சோதனை. அந்த இடத்தில் கார்ப் கிளீனர் ஸ்பிரே அடிப்பது தீயை அழைப்பது. வேலை முழுக்க வாசலில் நடக்கட்டும். மூடிய ஷெட்டில் கார்பன் மோனாக்சைடு சத்தமில்லாமல் சேரும். ஏர்-கூல்டு இன்ஜின் நின்ற இடத்தில் ஓடினால் சூடேறிவிடும், முன்னால் ஒரு டேபிள் ஃபேன் வேண்டும்.

2020 ஏப்ரலில் பிஎஸ்-6 வந்ததிலிருந்து புது பைக்குகளில் கார்புரேட்டர் போய் ஃபியூவல் இன்ஜெக்‌ஷன் வந்துவிட்டதே, இனி இது எதற்கு என்று கேட்கலாம். பெட்ரோலைத் தெளிப்பதுதான் கம்ப்யூட்டரின் வேலை. பல சிலிண்டர் வண்டிகள் பலவற்றில் காற்றை மறிக்க இன்றும் சிலிண்டருக்கு ஒரு தகடு இருக்கிறது. அவற்றையும் சமமாக்க வேண்டியிருக்கிறது, அதே ஆயில் டியூபால் மட்டமும் பார்க்கலாம். ஆனால் அங்கே பல மாடல்களில் தகட்டின் திருகைத் தொடக்கூடாது, பக்கவழிக் காற்றுக்கான சின்னத் திருகைத்தான் திருப்ப வேண்டும். தொழிற்சாலையில் பெயிண்ட் வைத்துப் பூட்டிய திருகு எது என்று அந்த மாடலின் கையேட்டில் பார்த்துவிட்டுத்தான் ஸ்க்ரூடிரைவரை எடுக்க வேண்டும்.