ஒரு விதையில் ஒரு உலகம்!

ஒரு பொத்தானை அழுத்த வேண்டியதுதான். மலை பிறக்கிறது. கடல் பிறக்கிறது. காடு பிறக்கிறது. ஆடும் மாடும் மேயத் தொடங்கிவிடுகின்றன!

இது புராணக் கதை அல்ல. "மைன்கிராப்ட்" என்ற கம்ப்யூட்டர் விளையாட்டு.

சுவீடன் நாட்டைச் சேர்ந்த மார்க்கஸ் பெர்சன் என்பவர் இதை உருவாக்கினார். 2009-ம் ஆண்டில் முதன் முதலாக வெளிவந்தது. அவருடைய கம்பெனியை 2014-ல் மைக்ரோசாப்ட் 250 கோடி டாலருக்கு வாங்கியது. 2023-ம் ஆண்டுக்குள் 30 கோடிப் பிரதிகளுக்கு மேல் விற்றுவிட்டது.

அந்த உலகத்தில் மண்ணும் மரமும் கல்லும் சதுரக் கட்டிகள். ஒரு கட்டி ஒரு மீட்டர். வெட்டி எடுக்கலாம். அடுக்கி வீடு கட்டலாம்.

உலகம் எவ்வளவு பெரியது தெரியுமா? கம்ப்யூட்டரில் ஆடும் ஜாவா பதிப்பில், ஒரு முனையிலிருந்து மறு முனைக்கு 60 ஆயிரம் கிலோமீட்டர்! நம் பூமியை ஒரு முறை சுற்றி வந்தாலே 40 ஆயிரம் கிலோமீட்டர்தான்.

இந்த உலகம் பிறக்கும் முன், விளையாட்டு சில கேள்விகள் கேட்கிறது. குழந்தைகள் அவசரத்தில் எதையாவது தட்டிவிட்டு உள்ளே ஓடிவிடுவார்கள். பல கேள்விகளுக்குப் பதிலைப் பிறகு மாற்றிக்கொள்ளலாம். ஒன்றிரண்டை மாற்ற முடியாது. வீட்டுப் பெரியவர்கள் பார்க்க வேண்டியது அந்த ஒன்றிரண்டைத்தான்.

என்ன விதை?

அதில் ஒன்று "சீடு". விதை என்று பொருள். அது ஒரு எண். அந்த எண்ணிலிருந்துதான் மலையும் ஆறும் முளைக்கின்றன. ஒரே பதிப்பில் ஒரே எண்ணைக் கொடுத்தால், யார் வீட்டிலும் அதே மலை, அதே ஆறு!

எண் கொடுக்காவிட்டால் விளையாட்டே ஒன்றை எடுத்துக்கொள்ளும். சில சமயம் நடுக்கடலில் ஒரு சின்னத் தீவில் கொண்டுபோய் நிறுத்திவிடும். பிடிக்கவில்லையா? உடனே வேறு விதை போட்டுவிடுங்கள். மூன்று மாதம் கோட்டை கட்டிய பிறகு வருத்தப்பட்டுப் பயன் இல்லை. ஆலம் விதையைப் போட்டுவிட்டு வேப்பமரம் கேட்க முடியுமா?

இந்த விதையைத் தேடி அலைந்தவர்களும் உண்டு. விளையாட்டோடு ஒரு பழைய சிறிய படம் வரும். அது எந்த உலகத்தின் காட்சி என்று யாருக்கும் தெரியாமல் இருந்தது. 2020-ல் பல ஆர்வலர்கள் தங்கள் கம்ப்யூட்டர்களை ஒன்று சேர்த்துக் கணக்குப் போட்டார்கள். கண்டுபிடித்தும் விட்டார்கள்! 19 இலக்க எண். 3257840388504953787.

பேய் வேண்டுமா?

அடுத்த கேள்வி, ஆட்டம் எவ்வளவு கடினம் என்பது. நான்கு படிகள் உண்டு.

"அமைதி" என்றால் தாக்க வரும் பேய் பிசாசு கிடையாது. பசியும் எடுக்காது. "எளிது" என்றால் பேய் வரும். பசியால் பாதி உயிர் போகும். அதற்கு மேல் போகாது. "நடுத்தரம்" என்றால் பட்டினி கிடப்பவனுக்கு அரை இதயம்தான் மிஞ்சும். "கடினம்" என்றால் பட்டினியால் சாவு. ஜாம்பி என்ற நடைபிணங்கள் மரக்கதவை உடைத்துக்கொண்டு வீட்டுக்குள் வரும்!

இதை நடுவில் மாற்றிக்கொள்ளலாம். ஆனால் ஒரு உலகத்துக்கு ஒரே படிதான். அண்ணனுக்குக் கடினம், தங்கைக்கு அமைதி என்று பிரிக்க முடியாது. சண்டை மூளுவது இங்கேதான். கடைக்குட்டியை வைத்து முடிவு செய்வதே நல்லது. அவள் தூங்கப் போன பிறகு அண்ணன் படியை ஏற்றிக்கொள்ளட்டும்!

ஒரே உயிர்!

சாதாரண ஆட்டத்தில் செத்தால் மறுபடி பிறக்கலாம். கையில் இருந்த பொருள்கள் செத்த இடத்தில் சிதறிக் கிடக்கும். பக்கத்தில் போய் 5 நிமிடத்துக்குள் எடுக்காவிட்டால் மறைந்துவிடும். பொருள்கள் கையோடு இருக்கும்படி ஒரு விதியும் உண்டு. சின்னக் குழந்தைகளுக்கு அதைப் போட்டுவிடுங்கள்.

"ஹார்ட்கோர்" என்பது வேறு. அதில் ஒரே உயிர். செத்தால் அந்த உலகத்தில் மறுபிறவி இல்லை. ஆவியைப் போலச் சுற்றிப் பார்க்கலாம். ஒரு கல்லைக்கூட நகர்த்த முடியாது.

இங்கிலாந்தில் "பில்சா" என்ற பெயரில் ஆடும் ஒருவர், ஒரே ஹார்ட்கோர் உலகத்தில் 5 ஆண்டுகள் சாகாமல் இருந்தார். மாளிகைகள் கட்டினார். 2019 ஏப்ரலில், ரசிகர்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, ஒரு குட்டி ஜாம்பியும் ஒரு சிலந்தியும் அவரைத் தாக்கின. சில விநாடிகள்தான். 5 ஆண்டு உழைப்பு முடிந்தது!

அவர் பெரியவர். துக்கத்தைத் தாங்கிக்கொண்டு புதிய உலகம் தொடங்கினார். எட்டு வயதுப் பையனுக்கு அது முடியுமா? தவறிப்போய்க்கூட அவன் அந்தப் பொத்தானை அழுத்தாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஜாவா பதிப்பில் இன்னொரு வசதி இருக்கிறது. உலகங்களின் பட்டியலில் "எடிட்" என்பதை அழுத்தி, உலகத்துக்கு நகல் எடுத்து வைத்துக்கொள்ளலாம். ஹார்ட்கோர் வீரர்கள் அதை அழுகுணி ஆட்டம் என்பார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும். வாரத்துக்கு ஒரு நகல் எடுத்து வையுங்கள்.