சாலையின் மேடுபள்ளத்தை அளக்கும் கருவிகள்: ஓர் ஒப்பீடு

ஹைதராபாத் நகரின் வடகிழக்கே அமைந்துள்ளது மௌலா அலி. தர்கா விளங்கும் பாறைக் குன்று, ரயில் நிலையம், ரயில்வேப் பயிற்சி நிலையம், தொழிற்கூடங்கள் ஆகியவை நிறைந்த இப்பகுதியின் சாலைகளில் லாரிகளும் பேருந்துகளும் சைக்கிள்களும் ஒருங்கே செல்கின்றன. இத்தகைய சாலையொன்றில் புதிதாகத் தார்க் கலவை இட்டபின், "மேற்பரப்பு சமமாக உள்ளதா?" என்று வினவினால், லாரி ஓட்டுநர் ஒரு விடையும் சைக்கிளில் செல்பவர் மற்றொரு விடையும் கூறக்கூடும். இருவர் கூற்றும் உண்மையாகவே இருக்கலாம். ஆனால் வேலையை ஏற்பதா, திருப்புவதா என்று முடிவு செய்யவேண்டிய பொறியாளருக்கு ஓர் எண் தேவை. அவ்வெண்ணைத் தரும் கருவிகள் பல. அவற்றை எவ்வளவு தூரம் நம்பலாம் என்பதே இங்கு ஆராயப்படுகிறது.

ஏன் அளக்கவேண்டும்?

மேடுபள்ளம் மிகுந்த சாலையில் எரிபொருள், டயர், ஸ்பிரிங் ஆகியவற்றின் செலவு கூடுகிறது. குலுங்கும் வண்டி சாலையைத் தாக்கும் விசையும் கூடுவதால், சாலை மேலும் விரைவில் சிதைகிறது. புதுடில்லியிலுள்ள மத்திய சாலை ஆராய்ச்சி நிலையம் 1982-இல் நிறைவுசெய்த சாலைப் பயனாளர் செலவு ஆய்வு, வாகனச் செலவுக்கும் மேடுபள்ளத்துக்கும் உள்ள தொடர்பை இந்தியச் சாலைகளில் விரிவாக ஆராய்ந்தது. ஆகவே, பிழையான அளவு என்பது பொதுப் பணத்தைப் பிழையான சாலையில் செலவிடுவதாகும்.

நேர்விளிம்புச் சட்டம்

யாவற்றினும் எளியது 3 மீட்டர் நீளமுள்ள நேர்விளிம்புச் சட்டம். இதனைச் சாலைமீது கிடத்தி, அடியில் தெரியும் இடைவெளியைப் படியளவு குறித்த ஆப்பினால் அளப்பர். கொத்தனார் மட்டப்பலகையைப் பயன்படுத்தும் முறையே இது. தவறு எங்குள்ளது என்பதை அந்த இடத்திலேயே காட்டுவது இதன் சிறப்பு. எனினும், நீண்ட அலைகளை இது காணாது. மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் காரின் உடலை மிகுதியாக ஊசலாடச் செய்வது ஏறத்தாழ 15 மீட்டர் நீளமுள்ள அலை. அத்தகைய அலையின்மேல் 3 மீட்டர்ச் சட்டம் குற்றமின்றிப் படிந்து கிடக்கும்.

பம்ப் இன்டகிரேட்டர்

நம் நாட்டில் நெடுங்காலமாக வழங்கிவரும் கருவி இது. ஒற்றைச் சக்கரம் பூண்ட சிறு இழுவண்டியை ஜீப்பின் பின்னே மணிக்கு 32 கிலோமீட்டர் வேகத்தில் இழுத்துச் செல்வர். சக்கரம் சட்டகத்தை நோக்கி மேலெழும் அசைவுகள் மட்டும் ஒருவழிக் கிளட்ச் வாயிலாகக் கூட்டப்படுகின்றன. ஒரு கிலோமீட்டருக்குச் சேர்ந்த கூட்டுத்தொகை மில்லிமீட்டரில் கூறப்படும். இந்தியச் சாலைக் காங்கிரசின் 2004-ஆம் ஆண்டு வழிகாட்டி நூல், பிட்டுமன் கான்கிரீட் பரப்புக்கு 2,000-க்குக் குறைந்தால் 'நன்று' என்றும், 3,000-க்கு மிகுந்தால் 'மோசம்' என்றும் வகுத்தது.

விரைவும் சிக்கனமும் இக்கருவியின் நற்குணங்கள். ஆனால் இது அளப்பது சாலையின் வடிவத்தை அன்று. சாலைமீது தான் குலுங்கும் குலுக்கலையே. டயரிலுள்ள காற்றழுத்தம், ஸ்பிரிங்கின் தளர்ச்சி, அதிர்வைத் தணிக்கும் உறுப்பின் தேய்மானம், இழுக்கும் வேகம் ஆகிய ஒவ்வொன்றும் எண்ணை மாற்றும். ஒரே சாலையில் ஒரு வண்டி 1,900 என்றும் மற்றொன்று 2,100 என்றும் காட்டினால், ஒப்பந்தக்காரரின் வேலை 'நன்று' என்பதும் 'நடுத்தரம்' என்பதும் வண்டியைப் பொறுத்ததாகிவிடும்.

பொது அளவுகோல்

இக்குழப்பத்தைத் தீர்க்கும் பொருட்டு, 1982-இல் பிரேசில் நாட்டுத் தலைநகரில் உலக வங்கியின் ஆதரவுடன் பல நாட்டுக் கருவிகள் ஒரே சாலைகளில் ஒப்பிடப்பட்டன. அதன் விளைவே சர்வதேச மேடுபள்ளக் குறியெண். சாலையின் உண்மையான நெடுக்கு வடிவத்தை அளந்து, அதன்மேல் மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு கற்பனை வண்டியின் கால் பங்கு ஓடினால் அதன் ஸ்பிரிங் எவ்வளவு அசையும் என்று கணக்கிடுவர். கணக்கிலுள்ள வண்டி தேய்வதில்லை. அதன் டயரில் காற்றும் இறங்குவதில்லை.

இக்குறியெண்ணை 1.12 அடுக்குக்கு உயர்த்தி 630-ஆல் பெருக்கினால், பம்ப் இன்டகிரேட்டர் அளவு கிட்டும். குறியெண் 3 எனில் ஏறத்தாழ 2,150. 4 எனில் ஏறத்தாழ 2,975. செவ்வனே சரிபார்க்கப்பட்ட கருவிக்கே இத்தொடர்பு பொருந்தும்.

மெதுவானவையும் விரைவானவையும்

உண்மை வடிவத்தை லெவல் கருவியாலும் அளவுகோலாலும் அறியலாம். கால் மீட்டருக்கு ஓர் அளவு வீதம் எடுத்தால், ஒரு சக்கரத் தடத்துக்கு ஒரு கிலோமீட்டரில் 4,000 அளவுகள் வேண்டும். இவ்வுழைப்பைக் குறைக்கப் பிரிட்டிஷ் சாலை ஆய்வுக்கூடம் வகுத்த எளிய கருவி மெர்லின். 1.8 மீட்டர் இடைவெளியுள்ள இரு கால்களின் நடுவே அமைந்த முனை, சாலை எவ்வளவு தாழ்ந்தோ உயர்ந்தோ உள்ளது என்பதைப் பத்து மடங்கு பெருக்கித் தாளில் காட்டுகிறது. 200 குறிகள் இட்டு, இரு ஓரங்களிலும் பத்துப் பத்தாக நீக்கி, எஞ்சியவற்றின் அகலத்தை மில்லிமீட்டரில் அளப்பர். அதனை 0.0471-ஆல் பெருக்கி 0.593-ஐக் கூட்டினால் குறியெண் கிடைக்கும். அகலம் 80 எனில் குறியெண் சுமார் 4.4. அகலம் 42-க்குக் குறையும் மிகச் சமமான சாலைகளுக்கு இச்சூத்திரம் ஏற்றதன்று.

லேசர்க் கருவி பூட்டிய வாகனம் நெடுஞ்சாலையில் போக்குவரத்தோடு போக்குவரத்தாக ஓடியே அளக்கிறது. லேசர் சாலைக்கும் வண்டிக்கும் உள்ள தூரத்தையும், முடுக்கமானி வண்டியின் அசைவையும் அளக்க, இரண்டிலிருந்தும் சாலையின் வடிவம் பெறப்படுகிறது. ஆயினும் வண்டி நின்று நின்று ஊர்ந்தால் முடுக்கமானியின் கணக்கு பிழைபடும். நெரிசல் மிகுந்த நகர்ப்புறத் தெருவில் இது பெருங்குறை. 32 கிலோமீட்டர் வேகத்தை இடையறாது காக்கவேண்டிய பம்ப் இன்டகிரேட்டருக்கும் அங்கு இதே இடர் உண்டு. அத்தகைய இடத்தில் அதிகாலையில் ஒரு தடத்தை மறித்து மெர்லினைத் தள்ளிச் செல்வதே தக்கது.

களப் பணியாளர் கவனத்துக்கு

விரைவான கருவி நீண்ட தூரத்தை அளக்கட்டும். மெதுவான கருவி அதற்குச் சாட்சியாக நிற்கட்டும். சமமானது, நடுத்தரமானது, மோசமானது எனச் சில சோதனைத் துண்டுகளைத் தேர்ந்து, லெவல் அல்லது மெர்லின் கொண்டு அளந்து, பம்ப் இன்டகிரேட்டரை அவற்றின்மீது ஓட்டி ஒப்பிடவேண்டும். ஸ்பிரிங்கையோ டயரையோ மாற்றினால் இதனை மீண்டும் செய்தல் அவசியம்.

ஆசிரியர்கள், 1.8 மீட்டர் மரச்சட்டத்தின் இரு முனைகளிலும் சம உயரக் கட்டைகளைப் பொருத்தி, நடுவே அளவுகோலால் பள்ளி முற்றத்தை அளக்கச் செய்யலாம். 200 அளவுகளைக் கட்டத்தாளில் குறிக்கும் மாணவர், சமமான தரைக்குக் குறிகள் நெருங்கியும் மேடுபள்ளமான தரைக்குப் பரந்தும் அமைவதைத் தாமே காண்பர்.

பதிவேட்டில் எண்ணை மட்டும் எழுதுவது போதாது. கருவி, வேகம், டயரின் காற்றழுத்தம், இறுதியாகச் சரிபார்த்த தேதி ஆகியவற்றையும் அருகே குறித்தல் வேண்டும்.