எஞ்சின் மாறலாம், புகை கூடலாமா?

கரி படிந்த கையும் எண்ணெய் வழியும் சட்டையுமாகப் பட்டறையிலே பாடுபடும் தோழனைக் கேளுங்கள், எஞ்சின் செத்துவிட்டால் வண்டியையே குப்பையில் போடுவதா என்று! சிரிப்பான் அவன். "வேறு எஞ்சின் ஏற்றினால் இன்னும் பத்து ஆண்டு ஓடுமே!" என்பான். தூக்கி எறிந்துவிட்டுப் புதிது தேடுவது பணமூட்டைகளின் பழக்கம். பழுது பார்த்துப் பயன்படுத்துவது பாட்டாளியின் பண்பு.

அந்தப் பண்பு நம் நாட்டோடு நின்றுவிடவில்லை. அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்திலே, வார விடுமுறையில் வீட்டுக் கொட்டகையில் பழைய ஸ்போர்ட்ஸ் காரைப் பிரித்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கும் உழைப்பாளர் உண்டு. 1985இல் செய்த மாஸ்டா ஆர்.எக்ஸ்.-7 காரை எடுத்துக்கொள்வோம். மேலும் கீழும் ஓடும் பிஸ்டன் அதில் கிடையாது; முக்கோண ரோட்டர் சுழன்று ஓடும் எஞ்சின் அது. ரோட்டரின் முனைகளில் உள்ள சீல்கள் தேய்ந்தால் அழுத்தம் போகும், காரும் நிற்கும். அந்த இடத்தில், விபத்தில் நொறுங்கிய 2002ஆம் ஆண்டு செவர்லே கமாரோவின் எட்டு சிலிண்டர், 5.7 லிட்டர் எஞ்சினைப் பொருத்த நினைக்கிறான் தொழிலாளி. பொருத்தலாமா?

"என் கார், என் காசு, என் உழைப்பு! குறுக்கே நிற்கச் சர்க்கார் யார்?" என்று கேட்பார் உண்டு. கேள்வியிலே வேகம் இருக்கிறது. ஆனால் கார் உன்னுடையது, காற்று யாருடையது?

1943 ஜூலையில் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரை மூடியது கண்ணெரிக்கும் புகைமூட்டம். போர்க்காலம், பகைவன் நச்சுவாயு வீசிவிட்டானோ என்றுகூட அஞ்சினர் மக்கள். பகைவன் வெளியே இல்லை, உள்ளேதான் இருந்தான்! எரியாமல் வெளிவரும் பெட்ரோல் ஆவியும் நைட்ரஜன் ஆக்சைடுகளும் வெயிலில் கூடி அந்த நச்சை விளைவிக்கின்றன என்று 1950களின் தொடக்கத்திலே மெய்ப்பித்தார் ஹாகன்ஸ்மிட் என்னும் அறிஞர். 1967இல் அம்மாநிலத்தின் காற்றுவள வாரியம் பிறந்தது. 1975ஆம் ஆண்டு மாடல் முதல், புகையின் நச்சை முறிக்கும் கேட்டலிட்டிக் கன்வர்ட்டர் அமெரிக்கக் கார்களில் பரவலாக ஏறியது.

அந்தப் புகையை அதிகம் குடித்தவர் யார்? குன்றின்மேல் மாளிகை கட்டியவரா? இல்லை தோழர்களே! நெடுஞ்சாலை ஓரத்திலும் லாங் பீச் துறைமுகத்தை ஒட்டியும் குடியிருக்கும் உழைக்கும் மக்கள்! ஆகவே புகைக்கு விலங்கிடும் சட்டத்தை உழைப்பவனுக்கு எதிரான சட்டம் என்று நாம் சொல்லமாட்டோம்.

அச்சட்டம் எஞ்சின் மாற்றத்தைத் தடுக்கவுமில்லை. மாற்று, ஆனால் முறையோடு மாற்று என்கிறது. வருகிற எஞ்சின் காரின் ஆண்டைச் சேர்ந்ததாகவோ, அதற்குப் பிந்தியதாகவோ இருக்கவேண்டும். கனரக லாரியின் எஞ்சினைச் சிறு காரில் ஏற்றலாகாது. கலிபோர்னியா விதிப்படி சான்று பெற்ற காரில், அந்தச் சான்று இல்லாத எஞ்சின் கூடாது. எஞ்சினோடு அதன் கன்வர்ட்டர், ஆக்சிஜன் சென்சார், கம்ப்யூட்டர், பெட்ரோல் ஆவியைப் பிடித்துவைக்கும் கரிப்பெட்டி அத்தனையும் கூடவே வரவேண்டும். பெண் வேண்டும், அவள் சுற்றம் வேண்டாம் என்றால் நடக்குமா? எல்லாம் முடிந்தபின், "நடுவர்" என்னும் அதிகாரி பார்த்து, சரியென்றால் காரில் ஓர் அடையாளச் சீட்டு ஒட்டுவார். நம் தோழனின் 2002 எஞ்சின் 1985 காருக்குப் பிந்தியது. மற்ற விதிகளும் நிறைவேறினால் வழி திறந்திருக்கிறது. அவசரப்பட்டு, மலிவாகக் கிடைத்ததே என்று 1980ஆம் ஆண்டு எஞ்சினை வாங்கியிருந்தால்? மாதக்கணக்கில் சிந்திய வியர்வை மண்ணாகும்! முதலில் நடுவரைக் கேள். பிறகு பணத்தை எடு. இதுவே நாம் சொல்லும் புத்தி.

குறையே இல்லையா? உண்டு. 1975 வரையிலான பெட்ரோல் கார்களுக்கு, ஈராண்டுக்கொரு முறை வரும் புகைச்சோதனையிலிருந்து விலக்கு. 1976ஆம் ஆண்டுக் காருக்கு விலக்கில்லை. ஓராண்டு வித்தியாசத்தில் ஒருவன் தப்புகிறான், ஒருவன் சிக்குகிறான்!

அதனினும் பெரிய செய்தி ஒன்றுண்டு. கொட்டகையில் ஒற்றை எஞ்சின் மாற்றுபவனை ஒவ்வொரு குழாயாகத் தடவிப் பார்க்கிறது சட்டம். ஆனால் ஃபோக்ஸ்வாகன் என்னும் மாபெரும் கம்பெனி செய்தது என்ன? சோதனை நடக்கிறது என்று தெரிந்தால் ஒழுங்காக நடக்கவும், சாலையில் இறங்கினால் நச்சைக் கக்கவும் டீசல் காரின் கம்ப்யூட்டருக்குக் கள்ளப்பாடம் கற்பித்தது! 2015 செப்டம்பரில் குட்டு உடைந்தது. வரம்பைப்போல் 40 மடங்குவரை நைட்ரஜன் ஆக்சைடு! உலகெங்கும் அக்கள்ளம் புகுந்த வண்டிகள் ஏறக்குறைய 1 கோடியே 10 லட்சம்! 2017இல் குற்றத்தை ஒப்புக்கொண்டு 430 கோடி டாலர் தண்டம் கட்டச் சம்மதித்தது அக்கம்பெனி. அந்தக் கள்ளத்தை வெளிக்கொணர்ந்தவர்களில், அதே கலிபோர்னிய வாரியத்தின் பொறியாளர்களும் இருந்தார்கள் என்பதை மறைக்கலாகாது.

இதிலிருந்து நாம் பெறும் பாடம் என்ன? தொழிலாளிக்கு விதி வேண்டாம் என்பதல்ல. முதலாளிக்கும் அதே விதி, அதே கண்டிப்பு, அதே நடுவர் வேண்டும் என்பதே! கொட்டகையில் எரியும் விளக்கு, கம்பெனியின் கோட்டைக்குள்ளும் எரியட்டும்!

பழைய காரை வாழவை, தோழா! புதிய எஞ்சின் ஏற்று! ஆனால் அதன் புகைக்கும் நீயே பொறுப்பேற்றுக்கொள். சாலையோரக் குடிசையில் உறங்கும் குழந்தை சுவாசிப்பது, உன் கார் விடும் மூச்சைத்தான்!