ஆபரேஷன் சக்சஸ்... ஆனால் அப்பாவால் நாற்காலியை விட்டு எழ முடியவில்லையே, ஏன்?

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்துவிட்டது. தையலும் பிரித்தாகிவிட்டது. ஆனால், மருத்துவமனைக்குத் தன் காலில் நடந்து போன அப்பா, இப்போது நாற்காலியை விட்டு எழவே ஒரு கையைத் தேடுகிறார். "வயசாகிடுச்சுல்ல, பத்து நாள் படுத்தே இருந்தார்ல, அதான்" என்று வீட்டில் சமாதானம் சொல்வார்கள்.

அது பாதி உண்மை. மீதி, டிஸ்சார்ஜ் ஃபைலுக்குள் யாரும் கவனிக்காமல் விட்ட லேப் ரிப்போர்ட்டின் ஒரு வரியில் இருக்கலாம்: சி.ஆர்.பி.

சி.ஆர்.பி. என்ன சொல்கிறது?

1930-ல் நியூயார்க்கின் ராக்ஃபெல்லர் ஆய்வு நிறுவனத்தில் வில்லியம் டில்லெட், தாமஸ் ஃபிரான்சிஸ் இருவரும் நிமோனியா நோயாளிகளின் ரத்தத்தில் கண்டறிந்த புரதம் இது. முழுப்பெயர் சி-ரியாக்டிவ் புரோட்டீன். உடலில் எங்கே காயமோ தொற்றோ ஏற்பட்டு அழற்சி உண்டானாலும், கல்லீரல் இதைத் தயாரித்து ரத்தத்தில் விடும். 'தயாரி' என்று கல்லீரலுக்கு உத்தரவு போடுவதில் முக்கியமானது இன்டர்லூகின்-6, சுருக்கமாக ஐ.எல்-6 என்ற இன்னொரு புரதம்.

ஆபரேஷனும் ஒரு காயம்தான். டாக்டரின் கத்திக்கும் சாலை விபத்துக்கும் உடலுக்குப் பெரிய வித்தியாசம் தெரியாது. சில மணி நேரத்தில் ஐ.எல்-6 ஏறும். இரண்டு, மூன்றாம் நாளில் சி.ஆர்.பி. உச்சம் தொடும். வழக்கமாக லிட்டருக்கு 10 மில்லிகிராமுக்குள் இருப்பது, பெரிய ஆபரேஷன் என்றால் 100-ஐத் தாண்டுவதும் சகஜம். சிக்கல் எதுவும் இல்லையென்றால் தானாக இறங்கிவிடும். அதனால் அந்த எண்ணைப் பார்த்துப் பதற வேண்டியதில்லை. கேட்க வேண்டிய கேள்வி வேறு. காயத்தை ஆற்றவும், இத்தனை புரதங்களை அவசரமாகத் தயாரிக்கவும் மூலப்பொருள் எங்கிருந்து வருகிறது?

அடகுக்குப் போகும் தசை

1930-களில் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவில் டேவிட் கத்பர்ட்சன் என்ற ஆய்வாளர், கால் எலும்பு முறிந்தவர்களின் சிறுநீரை நாள்தோறும் அளந்து பார்த்தார். புரதம் சிதைவதற்கு அடையாளமான நைட்ரஜன் அதில் ஏராளமாக வெளியேறியது. அடிபட்ட இடத்தின் சேதத்தை மட்டும் வைத்துக் கணக்குப் போட்டால் அது இடிக்கிறது. உடம்பு முழுக்க இருக்கிற தசையே கரைந்துகொண்டிருந்தது.

கொழுப்புக்கு உடலில் கிடங்கு உண்டு, சர்க்கரைக்கும் உண்டு. புரதத்துக்கென்று தனிக் கிடங்கு கிடையாது, தசைதான் கையிருப்பு. திடீர் ஆஸ்பத்திரிச் செலவுக்கு வீட்டு நகையை அடகு வைப்பது மாதிரி, உடல் தசையை எடுத்துச் செலவு செய்கிறது. அழற்சிப் புரதங்களும் காயத்தின்போது சுரக்கும் ஹார்மோன்களும் தசைச் செல்லுக்குள் இருக்கும் உடைப்பு வேலையை முடுக்கிவிடுகின்றன. புதிய தசை கட்டும் வேலை அதே நேரத்தில் மந்தமாகிறது.

இதோடு படுக்கையும் சேர்ந்துகொள்கிறது. சராசரியாக 67 வயதான, எந்த நோயும் இல்லாதவர்களை 10 நாள் படுக்கையிலேயே வைத்துப் பார்த்த அமெரிக்க ஆய்வு ஒன்று 2007-ல் வெளியானது. அவர்களின் கால்களில் மட்டும் கிட்டத்தட்ட ஒரு கிலோ தசை குறைந்திருந்தது. காயமும் இல்லை, கத்தியும் இல்லை, வெறும் ரெஸ்ட்தான்!

இளைஞர் என்றால் நகையைச் சீக்கிரம் மீட்டுவிடுவார். வயதானவரின் தசை, சாப்பிட்ட புரதத்துக்கும் செய்த பயிற்சிக்கும் முன்புபோல வேகமாகப் பதில் கொடுப்பதில்லை.

ஆபரேஷனே இல்லாவிட்டால்?

வயது ஏற ஏற, காயமோ தொற்றோ இல்லாமலேயே லேசான அழற்சி ரத்தத்தில் ஓடிக்கொண்டே இருக்கும். இத்தாலிய ஆய்வாளர் கிளாடியோ ஃபிரான்செஸ்கி 2000-ல் இதற்கு 'இன்ஃபிளமேஜிங்' என்று பெயர் வைத்தார். ஆம்ஸ்டர்டாமில் முதியவர்களை 3 ஆண்டுகள் கவனித்த ஆய்வில், ஐ.எல்-6, சி.ஆர்.பி. அளவுகள் அதிகம் இருந்தவர்களுக்குக் கைப்பிடி வலிமையில் 40 சதவீதத்துக்கு மேல் இழக்கும் ஆபத்து 2 முதல் 3 மடங்கு கூடுதலாக இருந்தது. இது தொடர்பைத்தான் காட்டுகிறது, சி.ஆர்.பி.யே தசையைத் தின்கிறது என்று இதற்கு அர்த்தமில்லை.

இன்னொரு வேடிக்கை. உடற்பயிற்சி செய்யும்போது தசையே ஐ.எல்-6-ஐச் சுரக்கிறது. ஆனால் அது கொஞ்ச நேரம் ஏறி இறங்குவது. அழற்சியைத் தணிக்கும் பொருள்களை அது கூட்டுகிறது என்று டென்மார்க்கின் பெண்டே பெடர்சன் குழுவினர் காட்டினார்கள். நாள் முழுக்க எரிந்துகொண்டிருப்பதுதான் பிரச்சினை. 'ஐ.எல்-6-ஐ அடக்க மாத்திரை இருக்கா?' என்று தேடுவதோ, வலி மாத்திரையை இஷ்டத்துக்குப் போடுவதோ இதற்கு வழியில்லை.

வீட்டில் என்ன செய்யலாம்?

"அசையாம படுங்கப்பா, கஞ்சி மட்டும் குடிங்க" என்பது பாசம்தான். ஆனால் புரதம் அதிகம் தேவைப்படும் நேரத்தில், அது மிகக் குறைவாக உள்ள உணவைக் கொடுத்து, தசைக்கு இருந்த ஒரே வேலையையும் நிறுத்திவிடுகிறோம். எப்போது உட்காரலாம், எப்போது நடக்கலாம் என்று டாக்டரிடமும் பிசியோதெரபிஸ்ட்டிடமும் முதல் நாளே கேட்டுவிடுவது நல்லது. நோயிலிருந்து தேறும் முதியவருக்கு, உடல் எடையில் ஒரு கிலோவுக்குத் தினமும் 1.2 முதல் 1.5 கிராம் புரதம் என்பது நிபுணர்களின் பரிந்துரை. 60 கிலோ எடை என்றால் 72 முதல் 90 கிராம். ஒரு முட்டையில் சுமார் 6 கிராம்தான் என்பதை வைத்துக் கணக்குப் பார்த்தால், இட்லியும் ரசம் சாதமும் எங்கே நிற்கின்றன என்று புரியும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மட்டும் டாக்டரைக் கேட்காமல் புரதத்தைக் கூட்டக் கூடாது.

'இந்த வயசுல தசை எங்க வரப்போகுது?' என்பவர்களுக்கு: 1990-ல் பாஸ்டனில், முதியோர் இல்லத்தில் இருந்த 90 வயதை ஒட்டிய பத்துப் பேருக்கு 8 வாரம் எடைப் பயிற்சி கொடுத்தார்கள். பயிற்சியை முடித்தவர்களின் கால் வலிமை சராசரியாக 174 சதவீதம் கூடியது.

திட்டமிட்ட ஆபரேஷன் என்றால், தேதிக்கு முன்பே வீட்டில் ஒரு சோதனை செய்து பார்க்கலாம். கைகளை மார்பில் கட்டிக்கொண்டு நாற்காலியிலிருந்து ஐந்து முறை எழுந்து உட்காரச் சொல்லுங்கள். பக்கத்தில் ஒருவர் நிற்கட்டும். 12 விநாடி அல்லது அதற்கு மேல் ஆனால், ஆசிய நிபுணர் குழுவின் அளவுகோல்படி அது கவனிக்க வேண்டிய தசை பலவீனம். நேரத்தை மொபைலில் குறித்து வைத்து, ஆபரேஷனுக்குப் பிறகு டாக்டர் அனுமதித்ததும் மீண்டும் பாருங்கள். சி.ஆர்.பி. நார்மலாகியும் அந்த விநாடிகள் குறையவில்லை என்றால், அடுத்த ரிவியூவில் தையல் தழும்போடு அந்தக் கணக்கையும் டாக்டரிடம் காட்டுங்கள்.