மூடிய கலனுக்குள் பார்க்கும் ஒளி

தொலைக்காட்சி ரிமோட்டை அழுத்தினால் அதன் முனையிலிருந்து ஓர் ஒளி கிளம்புகிறது. கண்ணுக்குத் தெரியாத அந்த ஒளிதான் அகச்சிவப்புக் கதிர். 1800-ஆம் ஆண்டில் வில்லியம் ஹெர்ஷல், முப்பட்டகத்தில் பிரிந்த சூரிய ஒளியின் சிவப்புக்கு அப்பால், எந்த நிறமும் தெரியாத இடத்தில் வெப்பமானியை வைத்தார். அங்கும் வெப்பம் ஏறியது. அவர் கண்டறிந்த கதிர் இன்று மருந்து ஆலைகளில் காவல் வேலை பார்க்கிறது.

சிங்கப்பூரின் துவாஸ் வட்டாரத்தில் உயிர்மருந்து ஆலைகள் உள்ளன. புற்றுநோய், மூட்டுவாதம் போன்ற நோய்களுக்கான புரத மருந்துகளை வெறும் இரசாயனக் கலவையால் செய்துவிட முடியாது. உயிருள்ள அணுக்கள்தாம் அவற்றைச் சுரக்க வேண்டும். உலகெங்கும் இதற்குப் பெரும்பாலும் பயன்படுவது, 1950-களில் ஒரு சீன ஹாம்ஸ்டர் எலியின் சூலகத்திலிருந்து எடுக்கப்பட்ட அணுக்களின் வாரிசுகள்! ஆயிரக்கணக்கான லிட்டர் கொள்ளும் எஃகுக் கலன்களில் சுமார் இரண்டு வாரம் அவை வளர்க்கப்படுகின்றன.

சிக்கல் சாப்பாட்டில்தான். குளுக்கோஸ் குறைந்தால் அணுக்கள் பட்டினியால் மடியும். அளவு மிஞ்சினால் லாக்டிக் அமிலம் சேர்ந்து வளர்ச்சி கெடலாம். நாளுக்கு ஓரிரு முறை மாதிரி எடுத்து ஆய்வுக்கூடத்தில் சோதிப்பதே பழைய வழக்கம். இரவில் கலனுக்குள் என்ன நடந்தது என்பது காலையில்தான் தெரியும். மாதிரி எடுக்கும் ஒவ்வொரு முறையும் கிருமி நுழையும் அபாயமும் உண்டு. ஒரு கலன் கெட்டால் வாரக்கணக்கான உழைப்பு சாக்கடைக்குப் போகும். மருந்துக்குக் காத்திருக்கும் நோயாளி மேலும் காத்திருக்க வேண்டும்.

ஒவ்வொரு மூலக்கூறும் தனக்கே உரிய அகச்சிவப்பு அலைநீளங்களை உறிஞ்சுகிறது. குளுக்கோஸ் 9 முதல் 10 மைக்ரோமீட்டர் வரையிலான பகுதியில் நன்கு அடையாளம் காட்டும். ஆனால் தண்ணீரும் இக்கதிரை ஆவலோடு விழுங்கிவிடும். அதற்குத்தான் வைரம். வைரமுனை கொண்ட ஆய்வுக்கோலைக் கலனுக்குள் பொருத்தினால், ஒளி வைரத்துக்குள்ளேயே எதிரொலித்து, அதை ஒட்டியுள்ள திரவத்தில் மில்லிமீட்டரின் ஆயிரத்தில் ஓரிரு பங்கை மட்டும் தொட்டுத் திரும்பும். சில நிமிடங்களுக்கு ஒருமுறை அளவு கிடைக்கும். அதற்கேற்பப் பம்பு தானாகவே உணவூட்டும்.

கருவியை அப்படியே நம்பிவிடவும் முடியாது. குளுக்கோஸ், லாக்டிக் அமிலம், புரதம் ஆகியவற்றின் நிறமாலைகள் ஒன்றன்மீது ஒன்று படிந்தே வரும். ஆய்வுக்கூட அளவுகளோடு ஒப்பிட்டு, பிரித்தறியக் கணினிக்குக் கற்றுத்தர வேண்டும். வளர்ப்பூடகம் மாறினால் பாடத்தையும் மாற்ற வேண்டும். வைரத்தின்மேல் புரதம் படிந்தாலும் கணக்குப் பிசகும்.

இறுதியில் சோதிப்பதை மட்டும் நம்பாமல், தயாரிக்கும்போதே தரத்தைக் கண்காணிக்கும்படி அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2004-இல் வழிகாட்டி வெளியிட்டு ஊக்குவித்தது. ஆனாலும் கருவி சொல்வது சரிதானா என்று பார்க்க, மாதிரிக் குப்பி இன்னமும் ஆய்வுக்கூடத்துக்குப் போய்க்கொண்டுதான் இருக்கிறது.