பூட்டிய வீட்டில் சாக்கடை நாற்றம்

கோடை விடுமுறைக்கு ஊருக்குப் போய்விட்டு ஒரு மாதம் கழித்து மும்பை திரும்புகிறோம். கதவைத் திறந்ததும் குப்பென்று சாக்கடை நாற்றம்! நம்மில் பலருக்கு இது பழகிப்போன வரவேற்பு.

எங்கள் வீட்டிலும் இப்படித்தான். வந்த ப்ளம்பர், "தரையை உடைத்துக் குழாய் மாற்ற வேண்டும்" என்றார். ரயில்வேயில் குழாய்களோடு காலம் தள்ளியவன் நான். ஒரு வாளித் தண்ணீர் ஊற்றி, ஜன்னலைத் திறந்து வைத்தேன். நாற்றம் அடங்கியது.

காரணம் எளிது. குளியலறைச் சல்லடைக்குக் கீழே 'நஹானி டிராப்' இருக்கிறது. அதில் சுமார் 50 மி.மீ. ஆழம் தண்ணீர் தேங்கி நின்று சாக்கடை வாயுவைத் தடுக்கிறது. 1775-ல் லண்டன் கடிகாரத் தயாரிப்பாளர் அலெக்சாண்டர் கம்மிங் காப்புரிமை பெற்ற வளைகுழாயும் இதே தத்துவம்தான். பூட்டிய வீட்டில் அந்தத் தண்ணீர் ஆவியாகிவிடுகிறது.

ஊருக்குப் புறப்படும் முன் செய்ய வேண்டியவை:

1. சல்லடையைக் கழற்றி முடி, சோப்புக் கசடை அகற்றுங்கள். தேங்கிய முடி, திரி போலத் தண்ணீரை உறிஞ்சி வெளியேற்றும்.

2. ஒரு வாளித் தண்ணீர் ஊற்றி, மேலே இரண்டு கரண்டி சமையல் எண்ணெய் விடுங்கள். எண்ணெய்ப் படலம் ஆவியாவதைக் குறைக்கும்.

3. வாஷ் பேசின், சமையலறைத் தொட்டியிலும் தண்ணீர் ஊற்றுங்கள்.

தண்ணீர் நின்றும் நாற்றம் வந்தால் குழாய் இணைப்பில் கசிவோ, காற்றுக்குழாயில் அடைப்போ இருக்கலாம். அப்போது ப்ளம்பரை அழையுங்கள்.

ஓர் எச்சரிக்கை: ஆசிட்டையும் ப்ளீச்சிங் பவுடரையும் சேர்த்து ஊற்றாதீர்கள். அதில் கிளம்பும் குளோரின் வாயு உயிருக்கே ஆபத்து. நாற்றத்தைப் போக்க வாளித் தண்ணீரே போதும்!