கரையிலிருந்தே கடலடியைக் கண்ட பெண்மணி

உங்கள் பிள்ளையின் புவியியல் புத்தகத்தைக் கொஞ்சம் புரட்டிப் பாருங்கள். கடலை வெறும் நீல நிறமாகக் காட்டாமல், அதன் அடியிலுள்ள மலைகளையும் பள்ளங்களையும் வரைந்துகாட்டும் ஒரு படம் அநேகமாக இருக்கும். அத்திலாந்திக் சமுத்திரத்தின் நட்டநடுவே, வடக்கிலிருந்து தெற்காக, முதுகெலும்பு போல ஒரு மலைத்தொடர் ஓடும். அதன் உச்சியில் நீளவாக்கில் ஒரு பிளவு. அந்தப் பிளவைக் கண்டுகொண்டவர் ஒரு பெண். அதைக் கண்டபோது அவர் கடலில் இருக்கவில்லை. நியூயோர்க்கில் ஒரு மேசைக்கு முன்னால் பேனாவும் மையுமாக உட்கார்ந்திருந்தார்.

மேரி தார்ப் 1920 ஜூலை 30இல் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் பிறந்தார். தந்தை மண்வகைகளை ஆராய்ந்து அரசாங்கத்துக்குப் படம் வரைபவர். அவருக்கு ஊர் மாற்றம் வரும்போதெல்லாம் மகளும் பாடசாலை மாறவேண்டியிருந்தது. தாயார் மேரியின் பதினைந்தாவது வயதிலேயே காலமானார்.

முதலில் ஆங்கிலமும் சங்கீதமும் படித்துப் பட்டம் பெற்றார். அப்போது இரண்டாம் உலக யுத்தம் நடந்துகொண்டிருந்தது. ஆண்கள் போர்முனைக்குப் போய்விட்டதால் மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் புவிச்சரிதவியல் வகுப்பு பெண்களுக்குக் கதவைத் திறந்தது. மேரி அதில் நுழைந்து முதுமாணிப் பட்டம் பெற்றார். பின்னர் ஓர் எண்ணெய்க் கம்பனியில் உத்தியோகம். எண்ணெய் தேடி ஆண்கள் வெளியே போவார்கள். பெண்களுக்கு அலுவலகத்தில் தாள்களை ஒழுங்குபடுத்தும் வேலைதான். அங்கிருந்தபடியே கணிதத்திலும் ஒரு பட்டம் பெற்றார்.

1948இல் கொலம்பியா பல்கலைக்கழகத்துக்கு வேலை தேடிப் போனார். இத்தனை படித்தவரிடம் மொரிஸ் ஈவிங் என்ற பேராசிரியர் கேட்டது, படம் வரையத் தெரியுமா என்பதைத்தான். தெரியும் என்றார். வேலை கிடைத்தது.

அங்கே புரூஸ் ஹீசன் என்ற இளைஞருடன் சேர்ந்து வேலை. ஹீசன் கப்பலில் போய் அளந்து வருவார். பெண்களைக் கப்பலில் ஏற்றமாட்டார்கள் என்பதால் மேரி கரையிலிருந்து வரைவார். கப்பலிலிருந்து கீழே ஓர் ஒலியை அனுப்புவார்கள். அது கடலடியில் மோதித் திரும்பும். ஒலி நீரில் செக்கனுக்குச் சுமார் 1500 மீற்றர் செல்லும். ஆகவே நான்கு செக்கனில் திரும்பி வந்தால் ஆழம் 3000 மீற்றர். இப்படிச் சேர்ந்த ஆயிரமாயிரம் எண்களை ஒவ்வொன்றாகத் தாளில் பதித்து, கடலடியின் மேடுபள்ளத்தை வரையவேண்டும். கோர்வை தவறாமல் மணி கோர்ப்பது போன்ற பொறுமையான வேலை.

1952இல் வட அத்திலாந்திக்கைக் குறுக்காக வெட்டும் ஆறு கோடுகளை வரைந்து ஒன்றன்கீழ் ஒன்றாக வைத்தார். நடுவிலே மலை இருப்பது முன்பே தெரிந்ததுதான். ஆனால் மலையுச்சியில், ஆங்கில 'வி' எழுத்தைப் போல, ஒரே இடத்தில் ஒரு பள்ளம் திரும்பத் திரும்ப வந்தது. பூமி அங்கே இரண்டாகப் பிரிந்து விலகுகிறது என்று மேரிக்கு விளங்கிவிட்டது.

ஹீசனிடம் சொன்னார். "பெண்பிள்ளைப் பேச்சு" என்று அவர் தள்ளிவிட்டார். காரணம் இருந்தது. கண்டங்கள் நகர்கின்றன என்று ஜேர்மனியரான அல்பிரட் வெகெனர் 1912இல் சொன்னதை அமெரிக்க அறிஞர்கள் அப்போதும் பரிகசித்துக்கொண்டிருந்தார்கள். அந்தப் பிளவை ஒப்புக்கொண்டால் வெகெனரையும் ஒப்புக்கொள்ள வேண்டிவரும். என்றாலும், அதே பள்ளத்தை ஓர் ஆண் காட்டியிருந்தால் அந்த வார்த்தை வந்திருக்குமா?

மேரி சண்டை பிடிக்கவில்லை. கணக்கை மறுபடி பார்த்தார், மறுபடி வரைந்தார், பள்ளம் அதே இடத்தில் இருந்தது. பக்கத்து மேசையில் ஹவார்ட் பொஸ்டர் என்ற செவிப்புலனற்ற ஓவியர், கடலடித் தந்திக் கம்பிகள் தொடர்பான ஆய்வுக்காகப் பூமியதிர்ச்சி நடந்த இடங்களைப் படத்தில் குறித்துக்கொண்டிருந்தார். இரண்டு படங்களையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்து, கீழிருந்து வெளிச்சம் பாய்ச்சிப் பார்த்தார்கள். பூமியதிர்ச்சிப் புள்ளிகள் மேரியின் பள்ளத்தின் வழியே வரிசையாக ஓடின. ஹீசன் வாயடைத்துப் போனார்.

1956இல் இதை உலகுக்கு அறிவித்த கட்டுரையில் ஈவிங், ஹீசன் ஆகிய இருவரது பெயர்களே இருந்தன. அடுத்த ஆண்டு பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் ஹீசன் பேசி முடித்ததும், புவிச்சரிதவியலின் அத்திவாரத்தையே ஆட்டிவிட்டீர் என்று பேராசிரியர் ஹரி ஹெஸ் அவரிடம் சொன்னார். நம்பாமலிருந்த பிரெஞ்சுக்காரர் ஜாக் கூஸ்தோ, அது பொய்யென்று காட்டவே கடலடிக்குக் கமராவை இறக்கினார். பள்ளம் அங்கேயே இருந்தது! அந்தப் படத்தை 1959இல் அவரே நியூயோர்க்கில் திரையிட்டார்.

பூமியின் மேலோடு தகடுகளாகப் பிரிந்து அசைகிறது என்ற உண்மை 1960களில் நிலைபெற்றது. அத்திலாந்திக்கின் நடுவில் தகடுகள் விலகுகின்றன. வேறு இடங்களில் ஒன்றின்கீழ் ஒன்று அமிழ்கின்றன. சுமாத்ராவுக்கு அருகே அப்படியொரு விளிம்பு அதிர்ந்ததால்தான் 2004 டிசம்பர் 26இல் கடல் எழுந்து நம் கிழக்குக் கரையை வாரிக்கொண்டு போனது. சாய்ந்தமருதிலும் மருதமுனையிலும் உறவுகளை இழந்தவர்களுக்கு இது வெறும் பாடப்புத்தகச் சங்கதியல்ல.

ஈவிங்குக்கும் ஹீசனுக்கும் பகை மூண்டபோது வேலையை இழந்தவர் மேரிதான். வீட்டிலிருந்தே வரைந்தார். முழு உலகின் கடலடிப் படம் 1977இல் முடிந்தது. அதே ஆண்டு ஜூனில், ஐஸ்லாந்துக்கு அருகே நீர்மூழ்கியில் ஆய்வுக்குப் போயிருந்த ஹீசன் திடீரென மரணமானார். 1997இல் அமெரிக்கக் காங்கிரஸ் நூலகம் இருபதாம் நூற்றாண்டின் தலைசிறந்த படவரைஞர் நால்வருள் ஒருவராக மேரியைக் கௌரவித்தது. அப்போது அவருக்கு வயது 77. 2006 ஆகஸ்ட் 23இல் காலமானார்.

பிள்ளையின் புத்தகத்தில் அந்தப் படத்தின் கீழே மேரி தார்ப் என்ற பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் ஓரத்தில் பென்சிலால் எழுதிவிடச் சொல்லுங்கள்.